பதினான்காவது மீட்டர்

காற்றாலைக்கு அஸ்திவாரம் போடுமுன்
மண்ணிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள்.
கேட்பது என் வேலை.
வள்ளியூரில் ரப்பர் ஸ்டாம்ப் கடைக்கு மாடியில்
எங்கள் பரிசோதனைக் கூடம்:
ஒரு அடுப்பு, ஒரு தராசு,
எத்தனை அடிக்கு எத்தனை அங்குலம் இறங்கியது என்று
எழுதி எழுதி வீங்கிய நோட்டுகள்.

ராதாபுரத்துக்குத் தெற்கே போட்ட துளையில்
முதலில் செம்மண், பிறகு சுக்கான்,
பதினான்காவது மீட்டரில்
சாம்பல் நிறத்துச் சேறு.
சிலுவைதாசன் குழாயைத் தட்டிக் கொட்டிவிட்டு
விரலில் தொட்டு மோந்தான்.
"கடலு வாடைல்லாக்கா அடிக்கு."
எனக்கு டீசல் வாடைதான் வந்தது.

படிவத்தில்
நிறம், ஈரம், தாங்குதிறன்.
உள்ளே யார் என்று எழுதக் கட்டம் இல்லை.
ஒரு கைப்பிடியை ஊறுகாய் பாட்டிலில் அடைத்து
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சமையல் சோடாவில் ஒரு ராத்திரி ஊறவைத்து
டீ வடிகட்டியில் ஒருமுறை,
நைலான் துணியில் தண்ணீர் தெளிகிறவரை அலசிக்
காயவைத்தால்
மிஞ்சுவது அரை ஸ்பூன் நொய்.
எக்ஸ்ரே உறையின் கறுப்புத் தாளில் அதைப் பரப்பி
தூரிகையின் நுனியை நாக்கில் நனைத்துத் தொட்டால்
ஒட்டிக்கொண்டு எழும்
கடுகில் ஐந்தில் ஒரு பங்கு.
ஃபொராமினிஃபெரா என்று பேராம்.
சொல்லி முடிக்குமுன் மூச்சுக்காற்றில்
நாலு பறந்துவிடும்.

தலைகீழாய்த் திருப்பி மாட்டிய பழைய லென்ஸ்,
பாதியாய் வெட்டிய பிங்பாங் பந்துக்குள் விளக்கு.
உரித்த பூண்டு போல் சில.
ஒன்று மட்டும்
எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை,
நுனிவரை பிசிறில்லை.
சடையின் நடுவில் வட்டமாய் ஒரு துளை.
யாரோ துளைத்து
உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இத்தனை கிட்டத்தில்
மயிரிழை ஆழம்தான் தெளியும்,
மற்றதெல்லாம் பனி.
திருகைத் திருப்பி, எடுத்து, திருப்பி, எடுத்து
அறுபது படம்.
பிறகு ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி ஒரு படம்.
தெருவில் குவாரி லாரி போனால் வீடு அதிரும்;
அறுபதும் பாழ்.
அதனால் பதினொரு மணிக்கு மேல்,
இரண்டு லாரிகளுக்கு நடுவே,
மின்விசிறியை நிறுத்தி,
கதவிடுக்கில் துண்டைத் திணித்து.

ஆடி மாசம்.
முப்பத்தேழாவது படம்வரை சடை இருந்தது.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாய் வந்தது
ஜன்னல் கொக்கியை எப்படிக் கழற்றியதோ.
முப்பத்தெட்டில்
கறுப்புத் தாள் மட்டும்,
துல்லியமாய்.

டார்ச்சோடு தரையில் தவழ்ந்தேன் இரண்டு மணிவரை.
சீனி கிடைத்தது.
பொங்கலில் தொலைத்த தோட்டின் திருகாணி கிடைத்தது.
எறும்பு ஒன்று எதையோ தூக்கிப் போனது.
நிறுத்திப் பார்த்தேன்,
ரவை.

இந்தக் காற்றுக்காகத்தானே
அங்கே குழி தோண்டியது.

முப்பத்தேழை அடுக்கிப் பார்த்தேன்.
துளை முழுசாய் விழுந்திருக்கிறது,
விளிம்பில் சுரண்டிய தடம்கூட.
அதற்குப் பின்னால் சடை
பனிக்குள் போய்விடுகிறது.
சிலுவைதாசன் போனில் பெரிதாக்கிப் பார்த்தான்.
"மண்ணுக்கெல்லாம் கல்யாண ஆல்பமாக்கா?"
என்றவன்
அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டான்.

அறிக்கை போய்விட்டது:
சதுர மீட்டருக்கு இருபத்திரண்டு டன் தாங்கும்.
மீதி மண்ணைக் கொல்லையில் கொட்டினோம்.
கீழ்க்கடை சலோமியின் கோழிகள்
காலையிலிருந்து அதைத்தான் கிளறுகின்றன,
பொறுக்குகின்றன,
என்னைவிட வேகமாய், கண்ணாடி லென்ஸ் எதுவும் இல்லாமல்.

நேற்று ஒரு முட்டை கொடுத்தாள்.
ஓட்டைக் கழுவி
லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
முட்டை ஓடுதான்.
ஆனாலும் அறுபது எடுத்தேன்.